செங்கல் சுமந்து சுரங்கம் பார்க்கப் போனது

காலை ஆறு மணிக்குக் காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினோம். சென்னைக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர். ஆளுக்கு இரண்டு ரூபாய் முப்பது காசு. நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. என் மைத்துனன் ஏகாம்பரம் இழுத்துக்கொண்டு போனான்.

ஒரு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தவன், கால் வைக்கும் தறிக்குழியின் தரை உள்ளே கூடாக ஒலிக்கிறது என்றான். தோண்டினான். செங்கல் வளைவு தெரிந்தது. சென்னைக் கடற்கரையில் மறைவாக ஒரு சுரங்கம் இருப்பதாக எவனோ அவனிடம் சொல்லியிருக்கிறான். இரண்டும் ஒன்றுதான், ராஜா காலத்து வழி என்று முடிவு கட்டித் தறியையே கழற்றிவிட்டான். அதில் பாதி நெய்திருந்தது என் மகள் வசந்தாவின் முகூர்த்தப் புடவை. கல்யாணம் தையில். இது ஐப்பசி.

"அந்த முனைய ஒரு தபா பாத்துடறேன் மாமா. பொய்னா நாளைக்கே குழிய மூடிடறேன்" என்றான். அதற்காகத்தான் போனேன்.

ஒன்பதே காலுக்குப் பாரிமுனை. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அடையாறு. பிறகு கடற்கரை மணலில் ஒரு மணி நேர நடை. அவன் பையை நான் சுமந்தேன். புளிச்சோறு இவ்வளவு கனக்குமா என்று திட்டிக்கொண்டே நடந்தேன்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மீனவர் தாழம்புதரைக் காட்டினார். அதன் பின்னால் இருந்தது சுரங்கத்தின் வாய். குனிந்துதான் நுழைய வேண்டும். கணுக்கால் வரை சேறு, குடலைப் பிடுங்கும் நாற்றம். நீளம் என்றால் எங்களுக்கு நூல்தான். ஏகாம்பரம் வாசலில் பட்டு நூலைக் கட்டி, முழம் போட்டுக்கொண்டே உள்ளே வந்தான். நாற்பதாவது முழத்தில் இரும்புக் கம்பி. கம்பிக்கு அப்பால் ஒரு பங்களாத் தோட்டம். அங்கே கட்டியிருந்த பசு எங்களைப் பார்த்தது.

வெளியே வந்ததும் மீனவர் கேட்டார்: "இன்னா நைனா, புதையல் கெட்சிதா? அது மழைத்தண்ணி வர்ற கால்வாபா."

ஏகாம்பரம் அசரவில்லை. என் தோளிலிருந்த பையைப் பிடுங்கி அதிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்தான்! இரண்டு பஸ்ஸும் ஒரு மணி நேர மணலும் நான் சுமந்தது அதைத்தான். சுரங்க வாயின் சுவரோடு வைத்து அளந்தான்.

"தோ பாரு மாமா! நம்ம குழிலேந்து எடுத்தது. அதே அகலம், அதே கனம்!"

"அதே செங்கல்தாண்டா. இது கால்வான்னா நம்ம வூட்ல இருக்கறது இன்னா?" என்றேன்.

மீனவர் வலையைப் போட்டுவிட்டுச் சிரித்தார். ஏகாம்பரம் செங்கல்லைத் திரும்பப் பைக்குள் வைத்தான். பையை மறுபடி என் தோளில் மாட்டினான்.

வாலாஜாபாத் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஏழு மணிக்கு வீடு. என் மனைவி முழங்காலுக்குமேல் சேலையைச் செருகிக்கொண்டு கூடத்தில் வாளியோடு நின்றாள்.

"கடலப் பாக்கப் போனீங்களே, இங்க வந்து பாருங்க ரெண்டு பேரும்!"

அந்தச் செங்கல் வளைவுக்குக் கீழே ஓடிய தெருவின் பழைய சாக்கடை, இவன் தோண்டிய குழி வழியாக வீட்டுக்குள் வந்திருந்தது. புடவையை மட்டும் அவள் முன்பே பரணில் ஏற்றியிருந்தாள். அதுவும் நனைந்திருந்தால் ஏகாம்பரத்தை அந்தக் குழியிலேயே போட்டு மூடியிருப்பேன்.

மறுநாள் எதிர்வீட்டுக் காலித் தறிக்குழியில் தறியைப் பூட்டி அவனை உட்கார வைத்தேன்.

கடற்கரைச் சுரங்கம் பார்க்க ஆசையுள்ளவர்கள் சென்னைக்குப் போக வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அதே செங்கல், அதே நாற்றம். வழிகாட்ட மட்டும் ஏகாம்பரத்தைக் கூப்பிடாதீர்கள். புடவை முடியாமல் அவன் எழுந்திருக்கக் கூடாது.