அக்காவின் போனில் ஓடாத மான்

அலுவலகத்தில் அவனை 'மான்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்து வைத்த பெயரில்லை. ஆளைப் பார்த்தால் வேறு ஏதாவது விலங்குதான் ஞாபகம் வரும் என்று அவனே சொல்லிக்கொள்வான். போனில் இணையதளங்கள் எவ்வளவு சீக்கிரம் திறக்கின்றன என்று சோதித்து, திணறுவதைச் சரிசெய்வது அவன் பிழைப்பு. டிரைவிங் லைசென்ஸ் தேர்வுக்கு நாள் பதிவு செய்யும் தளம் அவன் கைக்கு வந்தது. பக்கம் திறக்கும்வரை சும்மா சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைத் தூக்கிவிட்டு, அங்கே துள்ளி ஓடும் மான் ஒன்றை வைத்தான். இனிமேல் காத்திருப்பதே தெரியாது என்றான். மேனேஜர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. அன்றிலிருந்து ஐயாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் அவனுக்கு ஒரு அக்கா. சின்ன வேனில் கடை கடையாக ரொட்டி இறக்குகிறவள். பள்ளி திறப்பதற்குள் பெரிய வண்டி லைசென்ஸ் வாங்கிவிட்டால் ஸ்கூல் பஸ் உனக்குத்தான் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். அவளுடைய வெகுநாள் ஆசை அது. ஆனால் தேர்வுக்கு நாள் கிடைத்தால்தானே! திங்கட்கிழமை காலையில் பதிவு தொடங்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். ஒவ்வொரு திங்களும் அவள் முகம் தொங்கிப்போய் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"உன் தளத்துல ஏதோ கோளாறுடா."

"என் தளத்துலயா? நானே டெஸ்ட் பண்ணேன்க்கா, பட்டுனு திறக்குது. உனக்குத்தான் விரல் ஓட மாட்டேங்குது. டைப் பண்ணிப் பழகு."

பெரிய மனுஷன் சொல்லிவிட்டாரே! அவளும் நம்பினாள். சாயங்காலம் வந்ததும் மேஜையில் உட்கார்ந்து பெயர், முகவரி, பழைய லைசென்ஸ் எண் என்று தட்டித் தட்டிப் பழகினாள். இவன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "தேறிட்டக்கா, தேறிட்ட" என்று மார்க் போட்டான்.

பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. இந்தத் திங்களும் அடுத்த திங்களும் போனால் அப்புறம் நாள் கிடைத்தும் பிரயோசனமில்லை. விரல் வித்தையைத் தானே காட்டிக்கொடுக்கலாம் என்று அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் தளத்தைத் தொட்டாள். மான் வந்தது. முன்னங்காலைத் தூக்கியது. தூக்கியபடியே நின்றது. நிறைய யோசித்துவிட்டு அடுத்த காலைத் தூக்கியது.

"எப்பவும் இப்படித்தான் வருமா?"

"ஆமா. அது ஓடி முடிச்சப்புறம்தானே பக்கம் வரும்?"

பக்கம் வந்தபோது நாட்கள் தீர்ந்திருந்தன. அவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அலுவலகத்தில் அவன் சோதிக்கும் போன்களெல்லாம் புத்தம் புதுசு. எந்நேரமும் சார்ஜரில், ஏசிக் காற்றில், ராஜபோகம். இணையம் மெதுவாக இருந்தால் என்னாகும் என்று இணையத்தைக் குறைத்துப் பார்த்தவன்தான். போனே மெதுவாக இருந்தால் என்னாகும் என்பது மட்டும் மேதைக்குத் தோன்றவில்லை.

அக்காவின் பழைய போனைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டரில் மாட்டினான். போன் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் கோடுகள் ஒரே சிவப்பு. அத்தனையும் மான். போனின் தெம்பையெல்லாம் மான் ஒன்றே தின்றுவிட, பக்கத்தைத் திறக்க மிச்சமில்லை. வட்டமே சுற்றியிருந்தால் அக்கா எப்போதோ பஸ் ஓட்டிக்கொண்டிருப்பாள்.

"சார், மானை எடுத்துடணும்."

மேனேஜர் நிமிர்ந்தார். "அது உன் மான்தானேய்யா? அதைக் காட்டித்தானே அடுத்த வேலையையே பிடிச்சோம்!"

"என் மான்தான் சார். அதான் நானே அடக்கம் பண்றேன்." அக்காவின் போனை அவர் முன்னால் வைத்தான்.

மேனேஜர் பார்த்தார். ஒரு காலைத் தூக்கியபடி மானும் அவரைப் பார்த்தது. "இது ஓடுமா, ஓடாதா?" என்றார் எரிச்சலோடு.

"அதைத்தான் சார் எங்க அக்காவும் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கா."

மான் போயிற்று. 'கொஞ்சம் பொறுங்கள்' என்று வெறும் எழுத்தை வைத்தார்கள்.

கடைசித் திங்கட்கிழமை. அக்கா தளத்தைத் தொட்டாள். "மான் எங்கடா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் பக்கம் வந்துவிட்டது. அவ்வளவுதான், பழகிய விரல்கள் பறந்தன. பெயர், முகவரி, எண். தேர்வு நாள் உறுதி என்று திரையில் வந்தது. அவன் எழுந்து கைதட்டினான். அவள் தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் விரல் மெதுவா இல்லையாடா?"

"இல்லக்கா."

"நிஜமாவா? நீ சொன்னதுலேர்ந்து, எனக்குத்தான் வயசாயிடுச்சு, இந்தக் கையை வெச்சுக்கிட்டு பிள்ளைங்க உக்கார்ற பஸ்ஸை எப்படி ஓட்டுறதுன்னு பயந்துக்கிட்டிருந்தேன். போன வாரம் வேணாம்னு சொல்லிடலாம்னுகூட பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போயிட்டேன்."

கைதட்டிய கைகளை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"மெதுவா இருந்தது நான்தான்க்கா" என்றான்.

"அது எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே தெரியும்" என்று சாவியை எடுத்தாள் அக்கா. "தள்ளு, ரொட்டிக்கு நேரமாச்சு."