சங்ககிரி டிரைவரின் இடுப்பெலும்பு

உடைந்த எலும்பைச் சேர்த்து வைப்பது டாக்டரின் வேலை. அந்த எலும்பை நம்பி ஒரு மனிதரை எழுந்து நிற்க வைப்பது எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளின் வேலை. வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. உங்களுக்கும் எனக்கும் ஒரே முதுகுவலிதான்.

எல்லோரும் சாமி

நல்லப்பன் சங்ககிரியில் பேர்பெற்ற லாரி டிரைவர். ஓய்வுபெற்றபின் ஒருநாள் வாசலில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு பயிற்சி கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். “வாங்க சாமி, உக்காருங்க சாமி” என்று முதல் நாளே மரியாதையாகப் பேசினார். மகள் சரசுவையும் சாமி என்றார், பால்காரரையும் சாமி என்றார். பெரியவர்கள் அப்படிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

காலை மடக்கி நீட்டும்போது வலி தெரியாமலிருக்கப் பேச்சுக் கொடுப்பேன். “தண்ணி கொண்டாந்தாங்களே, இவங்க பேரு என்னங்க?” என்றேன். சரசுவையே பார்த்தார். சிரித்தார். “சாமிதானுங்க” என்றார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள்: “எம் பேரு எப்பப் போச்சுன்னே எனக்குத் தெரியலீங்களே.”

டாக்டர் சொன்னது

எலும்பு டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நல்லப்பனின் எலும்பு ஏற்கெனவே மெலிந்துபோயிருந்தது. வயதானவர்களுக்கு எலும்புத் தேய்வும் மறதி நோயும் பல சமயம் சேர்ந்தே வருகின்றன, எது எதை இழுத்து வருகிறது என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை என்றார் அவர். நடமாட்டம் குறைந்தால், சாப்பாடு குறைந்தால் இரண்டுமே கெடும். மறதி உள்ளவர் எளிதில் விழுவார். விழுந்து படுத்தவருக்கு மறதி கூடும். மூளை நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

“ரெண்டும் ஒரே வண்டியில வர்ற ஆளுங்கம்மா. ஒருத்தர் இறங்கினா, உள்ள இன்னொருத்தர் இருக்காரான்னு எட்டிப் பாத்துடணும்” என்றார் என்னிடம்.

சுவரில் ஓர் எச்சரிக்கை

அவருக்கு மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. இடுப்பு உடைந்ததே மறந்துபோனதுதான் வினை. வாக்கரைத் தொடாமல் தன்பாட்டுக்கு எழுந்து நடப்பார். இன்னொரு முறை விழுந்தால் பிறகு நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரசு அடுப்படிக்கும் கட்டிலுக்கும் ஓடி ஓடி இளைத்துப் போனாள். நாமக்கல்லிலிருந்து வந்த மகன் தங்கவேல், “கட்டிலோட சேத்துக் கட்டிப் போட்டுட்டா என்னுங்க?” என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். அப்போது என்னிடம் வேறு வழியும் இல்லை.

‘தனியாக எழுந்திருக்கக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி எதிர்ச் சுவரில் ஒட்டினேன். நல்லப்பன் எழுந்து போய், சுவருக்குப் பக்கத்தில் நின்று, எழுத்துக்கூட்டி வாசித்தார். “பாவம் சாமி, ஆருக்கோ ஒடம்பு சரியில்லயாட்ட இருக்குது.”

ரைட்

ஒரு காலை வாசலில் நடைப்பயிற்சி. தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் வந்தது. கிளீனர் வண்டியைத் தட்டி, “வா, வா, வா… ஹோல்ட்!” என்று கத்தினான். நல்லப்பனின் கால் அப்படியே நின்றது. நடங்க என்றேன், வாங்க என்றேன். அசையவில்லை. “சைடு பாத்துச் சொல்லுங்க சாமி” என்றார். எனக்குச் சட்டென்று புரிந்தது. வாக்கரை இரண்டு தட்டுத் தட்டி, “ரைட், போலாம்!” என்றேன். கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து அவரை உட்கார வைத்ததும் நாற்காலியைத் தட்டி ஹோல்ட் சொல்வோம். பெரும்பாலும், ரைட் வரும்வரை எழ மாட்டார். எல்லா நேரமும் பலிக்காது. சரசு இன்னமும் ஒரு கண் வைத்திருக்கிறாள். ஆனால் இப்போது தினமும் காலை வெயிலில் வாக்கருடன் தெருமுனை வரை போய் வருகிறார். விழவில்லை.

போன வாரம் தங்கவேல் வந்திருந்தபோது ரைட் சொல்லும் வேலையை அவரிடம் கொடுத்தோம். கொஞ்ச தூரம் போனதும் நல்லப்பன் நின்று, என் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னார்: “இந்தக் கிளீனர் புதுசுங்க சாமி. சைடே பாக்காம ரைட் குடுக்கறான்.”

பட்டம் வாங்கி, பதிவு எண் வாங்கி, இத்தனை வருஷத்தில் நான் எட்டிப்பிடித்த உச்சம், சங்ககிரியில் ஒரு சீனியர் டிரைவர் நம்பி வண்டியெடுக்கும் கிளீனர் ஆனதுதான்.