அவசரப்படுத்தத் தெரியாத அக்கா

என் அக்காவுக்கு மூன்று வேலைகள் வாங்கிக் கொடுத்தவன் நான். மூன்றையும் அவள் ஒரே காரணத்துக்காகத் தொலைத்தாள். அவளுக்கு மனிதர்களை அவசரப்படுத்த வராது. வராது என்பதுகூடச் சரியில்லை, மாட்டாள். அது பெரிய தப்பு என்று நினைக்கிற பிறவி. நானோ கூரியர் ஆபீஸ் நடத்துகிறவன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பதுதான் என் தொழில். இருவரும் ஒரு வயிற்றில் பிறந்தோம் என்றால் நம்புகிறவர்கள் குறைவு.

முதலில் ஒரு பெரிய கடையில் பில் போடும் வேலை. வாங்க வந்த அம்மா முட்டையை மேலே வைப்பதா அடியில் வைப்பதா என்று யோசித்தால், அக்காவும் கையைக் கட்டிக்கொண்டு கூடச் சேர்ந்து யோசிப்பாள். பின்னால் வரிசை சோப்பு அலமாரி வரைக்கும் நீளும். அடுத்தது போனில் புகார் கேட்கும் வேலை. ஓர் ஆளோடு நாலு நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். நம்பர் எழுதின காகிதத்தைத் தேடி எடுத்துவருகிறேன் என்று போன ஒரு பெரியவருக்காக இவள் இருபத்திரண்டு நிமிஷம் காத்திருந்தாள். நடுவில் அவர் தூங்கிப்போயிருப்பார் என்பது என் சந்தேகம். மூன்றாவது, ஒரு டாக்டரிடம் வரவேற்பில். பெயர், வயது, என்ன உபாதை, அவ்வளவுதான் கேட்க வேண்டும். அக்கா கேட்டதும் ஜனங்கள் மருமகள் கதை வரைக்கும் சொன்னார்கள். டாக்டர் நல்ல மனுஷர், திட்டாமல் அனுப்பிவைத்தார்.

அன்றைக்கு அவள் வீட்டுச் சமையலறையில் நின்று நான் கத்தினேன். கொஞ்சம் வளைந்துகொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். மாமா சாப்பாட்டுத் தட்டை விட்டுத் தலை நிமிரவே இல்லை.

"யோசிச்சுட்டு இருக்கறவங்கள விரட்டினா, அவங்க வாயில வர்றது அவங்க பதில் இல்லடா. ஆள விட்டாப் போதும்னு சொல்றது" என்றாள் அக்கா. "இனிமே நீ எனக்கு வேல பார்க்க வேண்டாம்."

அவள் சொன்னது அவளுக்கே நடந்த விஷயம். இரண்டு வருஷமாக அவளுக்கு ஓயாத தலைவலி. கடைசியில் பார்த்தால் கண்ணாடியின் பவர் தப்பு. சோதித்தவர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இதா, அதா" என்று விரட்டியிருக்கிறார். இவளும் அவர் நேரத்தை வீணாக்கக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறாள். அந்தக் கடுப்பில்தான் நாற்பது வயதில் போய்க் கண் சோதிக்கும் படிப்பில் சேர்ந்தாள். மகள் வயதுப் பிள்ளைகளோடு இரண்டு வருஷம் உட்கார்ந்து படித்தாள். நான் அதையும் கிண்டல் செய்தேன். இன்றைக்கு நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முடித்ததும் கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். இதுவும் போனால் வீட்டோடு இருந்துவிடுகிறேன் என்று மாமாவிடம் சொல்லியிருந்தாள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்பதால் எனக்கு உள்ளூர பயம்.

லென்ஸ் செய்யும் பட்டறையிலிருந்து அந்தக் கடைக்குக் கண்ணாடி கொண்டுவருவது என் ஆபீஸ்தான். போட்டுப் பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று ஜனங்கள் திருப்பித் தந்த கண்ணாடிகளை மறுபடி பட்டறைக்கு எடுத்துப்போவதும் நாங்களே. அக்கா சேர்ந்த பிறகு தினமும் நானே போனேன்.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் கடைக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முன்பு இருந்தவர் ஒரு நாளைக்கு இருபது பேரைப் பார்த்தாராம். அக்கா பார்ப்பது பதினொரு பேர்.

"தங்கமானவங்க தம்பி. இந்த மாசத்தோட நின்னுக்குங்கன்னு எனக்குச் சொல்ல வாய் வரல. நீங்க கூடப்பிறந்தவர், பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க" என்றார்.

கடையின் பின்பக்கம் அந்தச் சின்ன அறைக்குள் போனேன். உயரமான ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் வெளிச்சம் போட்ட எழுத்துப் பலகை, வட்ட வட்ட லென்ஸ் அடுக்கிய பெட்டி. அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மென்று விழுங்கிவிட்டு, சும்மா கண்ணைக் காட்டலாம் என்று வந்தேன் என்றேன்.

அவள் உட்காரவைத்து, லென்ஸ் செருகும் இரும்புச் சட்டத்தை என் மூக்கில் மாட்டினாள். படி என்றாள். கடகடவென்று நாலு வரி ஒப்பித்தேன். தினமும் வந்து நின்றதில் எல்லாம் மனப்பாடம். அவள் ஒன்றும் சொல்லாமல் பலகையைத் திருப்பி வேறு எழுத்தைப் போட்டாள். ஒரு லென்ஸைச் செருகித் தெரிகிறதா என்றாள். தெரியுது என்றேன். அடுத்ததற்கும் தெரியுது. அதற்கடுத்ததற்கும் தெரியுது.

அக்கா லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். உச்சுக் கொட்டவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெளியே ஆட்கள் காத்திருப்பது அவளுக்கும் தெரியும். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஆறு மாதமாக எனக்குத் தூரத்துப் பலகையும் மங்கல், விலாசச் சீட்டையும் கை நீட்டிப் பிடித்துத்தான் படிக்கிறேன். பார்சல் வீடு மாறிப் போனால் என்னிடம் வேலை செய்கிறவர்கள்மேல் எரிந்து விழுகிறேன். வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை. அவள் இன்னும் காத்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியலக்கா. ஒண்ணுமே சரியாத் தெரியல" என்றேன்.

"சரி. அப்ப முதல்லேர்ந்து பார்ப்போம்" என்றாள்.

அரை மணி நேரம் பார்த்தாள். வெளியே வந்தபோது கடைக்காரர் கையைப் பிசைந்தபடி நின்றார். சொல்லியாச்சா என்று கேட்டார். நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, பட்டறைக்குத் திரும்பிப் போக வேண்டிய கண்ணாடிகளைக் கொடுங்கள் என்றேன். இன்றைக்கு ஒன்றும் இல்லை என்றார். நேற்றும் இல்லையே என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அக்கா சேருவதற்கு முன்பு தினம் நாலு, ஐந்து என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தவை. அதையெல்லாம் கடைக்காரர் தன் செலவில்தான் மறுபடி செய்து கொடுக்க வேண்டும்.

அவர் குனிந்து, திரும்பி வரும் கண்ணாடிகளைப் போட்டுவைக்க மேஜைக்கு அடியில் இருந்த கூடையை வெளியே இழுத்தார். அதில் அவருடைய குடையும் ஒரு பழைய செய்தித்தாளும் கிடந்தன.

"ரெண்டு மாசமா இதுல ஒண்ணும் விழல, தம்பி" என்றார் மெதுவாக. "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நிரந்தரம்னு நானே போய்ச் சொல்றேன்."

திரும்புகிற பார்சல்கள் நின்றுபோனதைக் கவனிக்காத நானும் ஒரு வியாபாரி, கடைக்காரரும் ஒரு வியாபாரி. இரண்டு பேரும் சேர்ந்து வேலை தெரிந்த ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது மனசு கேட்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு உன்னைப் போகச் சொல்லத்தான் அனுப்பினார்கள், கண் காட்ட வந்தேன் என்றது சும்மா சாக்கு என்றேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டா. நீ உள்ள வந்து நின்ன நிலையிலயே தெரிஞ்சுது. அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு."

வேலை போகப்போகிறது என்று தெரிந்தேதான் அந்த அரை மணி நேரமும் ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு என் கண்ணைப் பார்த்திருக்கிறாள். அப்படியானால் சொல்லித் தொலை என்று ஏன் கேட்கவில்லை என்றேன்.

"எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருந்தே. பாவம், நான் எதுக்கு உன்ன அவசரப்படுத்தணும்?" என்றாள்.