பாவும் பாவாவும்

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை என்பது, ஊரே நம் காதில் கத்தும்போது நாம் மட்டும் திருப்பிக் கத்தாமல் இருக்கிற வேலை. அதிலும் புது ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கியவரா நீங்கள்? அப்படியானால் நம் கட்சி, வாருங்கள்.

ஒரு காது சும்மா

எழுபதுகளில் நான் திருத்தணியில் ஆபரேட்டர். புதிதாக வருகிறவர்களுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை, லீவு லீவு என்று போடுகிறார்கள் என்று சூப்பர்வைசர் ஓர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு புது ஆளுக்கும் பழைய ஆபரேட்டர் ஒருவர் வழிகாட்டி. பழகும் காலம் முடிந்ததும் வழிகாட்டி 'தேறினார்' என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும்.

எனக்கு வாய்த்தவர் தேவகி. என்னைவிட மூத்தவர். லைன்மேனாக இருந்த கணவர் இறந்துபோனதால் கிடைத்த வேலை. பிள்ளைகளுக்குச் சோறு அதில்தான். முதல் நாளே அவர் வயரை மாற்றிச் செருக, நான் சத்தம் போட்டுவிட்டேன். எங்கள் ஹெட்போன் ஒரு காதைத்தான் மூடும். அவர் வயரைச் சரியாகச் செருகிவிட்டு மெல்லச் சொன்னார்: "திட்டணும்னா வெளிய இட்டுகினு போயி திட்டு பாப்பா. இங்க எல்லாருக்கும் ஒரு காது சும்மாதான் இருக்குது."

நகரியிலிருந்து ஒரு டிரங்க் கால்

பழகும் காலம் முடிகிற வாரம். மழை நாள். லைனில் ஒரே இரைச்சல். அந்த மாதிரி நேரத்தில் ஒருவர் சொல்வதை ஆபரேட்டரே கேட்டு மற்றவருக்குச் சொல்ல வேண்டும். நகரியில் ஒரு தறி வீட்டில் கூரை ஒழுகி, தறியில் ஏற்றியிருந்த பாவு நூல் பாழ். அந்த வீட்டு அம்மாவின் தம்பியான திருத்தணி நூல் கடைக்காரருக்குச் சொல்லச் சொன்னது, "பாவு போச்சு, உடனே வாங்க."

லைனில் இருந்த தேவகி விவசாயக் குடும்பம். பாவு என்ற சொல்லே கேட்டதில்லை. ஆனால் நகரிப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் அக்கா புருஷனைப் பாவா என்பார்கள் என்று தெரியும். கடைக்காரரிடம், "பாவா போயிட்டாராம்" என்றார். கடையைச் சாத்திவிட்டு மாலையோடு நகரிக்கு ஓடியவருக்குக் கதவைத் திறந்தவரே அந்தப் பாவாதான். "எனக்கா? போட்டுடு, வாங்கியாந்தது வீணாவப்போவுது."

எழுதிக் கொடு

மறுநாள் கடைக்காரர் வந்து சூப்பர்வைசர் மேஜையைத் தட்டினார். அவர் போனதும் சூப்பர்வைசர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். "தேறவில்லைன்னு எழுதிக் கொடு." தேவகி பக்கத்திலேயே நின்றார். கெஞ்சவில்லை. தேறவில்லை என்றால் அவர் வீட்டில் உலை ஏறாது. தேறினார் என்றால் அடுத்த தப்பு என் தலையில். எனக்குப் பயம்தான். ஆனாலும் 'தேறினார்' என்றே எழுதினேன். சூப்பர்வைசர் என்னை முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் தேவகி சொன்னார்: "இப்ப சொல்லலாம் பாப்பா. பாவுன்னா இன்னான்னு உன்னைக் கேக்க அன்னிக்கே வாய் வந்துச்சு. கேட்டா, இவளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு எழுதிடுவியோன்னு முழுங்கிட்டேன்."

சொல்லிக்கொடுப்பவர் கையிலேயே மார்க்கையும் கொடுத்துவிட்டால், புது ஆள் முதலில் தேறுவது தலையாட்டுவதில்தான்.