கடை வாசலில் ஒரு பெட்டை மான்

தன் காட்டுக்குள் போட்டிருந்த கம்பி வேலியை அறுத்தது யார் என்று ஆர்டிஸ் டோல்ஃப்சன் ஊரைக் கூட்டி விசாரிக்கவில்லை. ஈர மண்ணில் வெர்லினின் காலணித் தடம் அப்படியே கிடந்தது. கூடப்பிறந்த தம்பியின் நடை தெரியாதா? இடது காலை எப்போதும் கொஞ்சம் இழுத்துத்தான் வைப்பான்.

வேலிக்குள்ளே போய்ப் பார்த்தாள். ஒரு முற்றம் அளவு இடம்தான். ஐந்து வருடமாக மான் வாய் படாமல் காத்து வந்தாள். இடுப்பளவு வந்திருந்த ஓக் கன்றுகள் கணுக்கால் உயரத்துக்குக் கடித்துத் தின்னப்பட்டு, நுனிகள் நார்நாராகப் பிய்ந்து நின்றன. முயல் கடித்தால் கத்தியால் சீவியது போல இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, பிய்த்துத்தான் தின்னும்.

ஆர்டிஸ் காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். விஸ்கான்சின் மலைச்சரிவுகளில், உறைபனியிலும் சறுக்காமல் ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவள். பின் இருக்கையில் அடிதடி என்றால் கண்ணாடியில் அவள் பார்க்கும் ஒரு பார்வை போதும். ஊரைவிட்டுப் போகாமல் கூடவே இருந்ததால் அப்பா காட்டை அவள் பேருக்கு எழுதினார். வெர்லினுக்கு நவம்பரில் வந்து வேட்டையாடிப் போகும் பாத்தியதை மட்டும். அவனும் கூட்டாளிகளும் பரணில் உட்கார்ந்து கொம்பனை, ஆண் மானை மட்டும் சுடுவார்கள். பெட்டையைத் தொடக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம்.

வசந்தத்தில் பனி உருகியதும் ஆர்டிஸ் காட்டைச் சுற்றி வருவாள். ஊசியிலை மரங்களில், மான் பின்காலில் நின்று எட்டும் உயரம் வரை பச்சையே இருக்காது. கயிறு பிடித்து வெட்டியது போல ஒரே கோடு. கிழட்டு ஓக்குகளுக்கடியில் கொட்டை விழும், முளைக்கும், அடுத்த குளிர்காலத்தைத் தாண்டாது. அந்தக் கிழங்கள் சாய்ந்தால் அந்த இடத்தில் நிற்க ஒரு கன்று இல்லை. அப்புறம் காடு ஏது, மான் ஏது? மான் வாய் படாவிட்டால் கன்று வளரும் என்று கண்கூடாகக் காட்டத்தான் அந்த வேலி. அவளும் வருஷா வருஷம் பெட்டை சுட்டுத்தான் பார்த்தாள். ஒருத்தி சுட்டு எவ்வளவு குறையும்?

பரண்களைச் சரிபார்க்க முன்னதாகவே வந்திருந்த வெர்லின், வேட்டைக் குடிசையில் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"நீதானே அறுத்த?"

"ஆமாக்கா. பார்க்கவே பாவமா இருந்துச்சு. உள்ள அவ்வளவு பச்சை, வெளிய அதுங்க வயிறு ஒட்டி நிக்குது. செடிக்குப் போய் ஜெயில் கட்டி வச்சிருக்கியே, அது என்ன குத்தம் பண்ணுச்சு?"

"வயிறு ஒட்டிப்போச்சுன்னு உனக்கே தெரியுதுல்ல? ஏன் ஒட்டிச்சு?"

"குளிர் ஆரம்பிச்சிருச்சுல்ல."

"குளிராம் குளிர்! ஒரு ஆள் சோத்தைப் பத்து பேர் திங்குதுடா. நீ இரக்கப்பட்டு அஞ்சு வருஷத்த அறுத்து விட்டியே, அதுங்க பசி தீர்ந்துச்சா?"

"அப்பா இருந்திருந்தா இப்படிப் பேசுவியா?"

"அப்பா சின்னப் பையனா இருந்தப்ப இங்க மானே கிடையாது. ஒரு குளம்புத் தடம் கண்டா ஊரே வந்து பார்க்குமாம். அன்னிக்குப் பெட்டைய விட்டது புத்தி. இன்னிக்கு விடுறது வெறும் வீம்பு. கேட்டுக்கோ. இந்த வருஷம் முதல்ல பெட்டை, அப்புறந்தான் கொம்பன். முடியாதுன்னா பரண்ல ஏறாத."

"பெட்டையப் போட்டுக்கிட்டு எந்த மூஞ்சியோட கடை வாசல்ல வண்டிய நிறுத்துறது?"

அதுதான் விஷயம். முதல் நாள் வேட்டையை வண்டியின் பின்னால் கிடத்தி, பீர்க்கடை வாசலில் நிறுத்தி, கொம்பின் கிளைகளைப் பிறர் எண்ணக் கேட்பது அங்கே ஆண்பிள்ளை லட்சணம்.

வேட்டை தொடங்கிய சனிக்கிழமை, அறுந்த வேலிக்கு நேர் மேலே இருந்த பரணில் அவனை ஏற்றிவிட்டாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். விடிந்து சற்று நேரத்தில் ஒரே ஒரு வெடி.

ஆர்டிஸ் போனபோது வெர்லின் பெட்டை மானின் வயிற்றைக் கீறிவிட்டு மண்டியிட்டிருந்தான்.

"கொம்பன்தான் முதல்ல வந்தான். பெருசு. விட்டுட்டேன்" என்றான். "அப்புறம் இதுங்க கூட்டமா வந்துச்சு. நேரா வேலிக்குள்ள போய் மிச்சமிருந்த கன்னுக் கட்டையக் கூட சுரண்டுதுங்கக்கா." கீறிய வயிற்றை விரித்துக் காட்டினான். "இங்க பாரு, கிட்னி. நவம்பர்ல, குளிருக்குன்னு சேர்த்த வெள்ளைக் கொழுப்புக்குள்ள புதைஞ்சு கிடக்கணும். மொட்டையா இருக்கு."

கடும் பனிக்காலம் இன்னும் தொடங்கவே இல்லை. இதைத்தானே ஆர்டிஸ் தொண்டை வற்றக் கத்தினாள்!

"தூக்கிப் போடு வண்டியில."

"பின் ரோட்டுல போயிடலாம்க்கா."

"சாவியக் குடு."

கடை வாசலில் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைக் கூட்டம் பீரும் கையுமாக நின்றது. ஆர்டிஸ் வண்டியைக் குறுக்கே நிறுத்திப் பின்கதவை இறக்கினாள். திரும்ப ஏறி, நேரத்துக்குக் கிளம்பாத பிள்ளையின் வீட்டு வாசலில் அடிப்பது போல ஹாரனை அடித்தாள்.

"என்ன வெர்லின், கொம்பு வழியில விழுந்துடுச்சா?"

"அக்காவுக்குப் பயந்து தாயக் கொன்னுட்டான்டா!"

வெர்லின் இறங்கினான். காதெல்லாம் சிவந்திருந்தது. "சிரிக்கிறவன் எவனா இருந்தாலும் கிட்ட வா. வந்து இந்தக் கிட்னியப் பாரு. பார்த்துட்டு அப்புறமா சிரி."

இரண்டு பேர் வந்து குனிந்து பார்த்தார்கள். மற்றவர்கள் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனார்கள். போனவர்களின் முதுகை ஆர்டிஸ் ஒவ்வொன்றாக அடையாளம் பார்த்துக்கொண்டாள். எல்லாம் அவள் பேருந்தில் ஏறி வளர்ந்த முதுகுகள்தான்.

"வேலி?" என்றாள்.

"நாளைக்குக் கட்டித் தர்றேன்க்கா."

"இன்னிக்கு. ஏறு வண்டியில."