மிசிசாகாவில் மாறிப்போன சொல்

போனவர்கள்: தவம் அண்ணை, வயது எழுபத்திரண்டு, கடதாசியை எழுதியவர். அவருடைய மச்சான் ராஜன், கார் அவருடையது. நான், மொழிபெயர்க்க. அங்கே இருந்தவர்கள்: நிமால், அவர் மனைவி குசுமா, இருவரும் சிங்களவர். ஐந்து பேருக்கும் ஊர் திருகோணமலை. ஊரில் முஸ்லிம் ஆக்களும் உண்டு. ஒருவரையும் கூப்பிடவில்லை. அது முதல் பிழை. இரண்டாவது என்னுடையது.

சனிக்கிழமை காலை 9.20. ஸ்காபரோவில் மார்க்கம் றோட்டில் ஏறினோம். மிசிசாகா 46 கிலோமீற்றர்.

“407-ஆலை போவமோ?” என்றார் தவம் அண்ணை.

“அது காசு றோட்டு, அத்தான். 401-இலை சனம் மட்டுந்தான்.”

தவம் அண்ணை கடதாசியை மடியில் வைத்திருந்தார். ஒரு குளிர்காலம் முழுக்க எழுதியது. ஊர்ச் சபையின் தலைவர் கதிரை இரண்டு வருடம் தமிழருக்கு, இரண்டு வருடம் சிங்களவருக்கு. இதுதான் விசயம். இரண்டு பக்கத்திலும் இரண்டிரண்டு பேர் ஒப்பமிட்டு ஊரில் எல்லாக் கட்சிக்கும் அனுப்புவது.

“ஒரு பக்கத்து ஒப்பம் மட்டும் எண்டால் அது வெறும் முறைப்பாடு,” என்றார்.

10.35. நிமாலின் வீடு பதினாலாம் மாடி. கீழே இடமில்லை. காரை றோட்டில் விட 9 டொலர். குசுமா பாற்சோறும் கட்டைச் சம்பலும் தந்தா. உறைப்பில் ராஜனுக்குக் கண்ணீர் வந்தது.

தவம் அண்ணைக்கு இங்கிலீசு ஓடாது. நிமாலுக்கு ஓடும், ஆனால் அவரவர் பாசையிலேயே கதைப்போம் என்று சொல்லியிருந்தார். அதனால் நான். என் சிங்களம் பேக்கரிச் சிங்களம். ஊரில் ஒன்பது வருடம் சிங்கள முதலாளியிடம் பாண் போட்டேன். மா, சீனி, நெருப்பு எல்லாம் நன்றாக வரும். சபை, தலைவர் அவ்வளவு வராது.

11.30 இருக்கும். முதலில் யார் என்ற கதை வந்தது. தவம் அண்ணை சண்டை பிடிக்கத் தயாராக இருந்தார். நிமால் சொன்னதை நான் அப்படியே சொன்னேன்: “முதல் ரெண்டு வருசம் உங்கட ஆள் இருக்கட்டுமாம்.”

தவம் அண்ணை பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார்.

நிமால் இன்னும் ஒன்று சொன்னார். “மாருவென் மாருவட.” மாறி மாறி என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். ஆனால் காதில் விழுந்த சத்தத்தையே பிடித்துச் சொல்லிவிட்டேன்: “பிறகு மாறுவினமாம்.”

ராஜன் விழுந்து விழுந்து சிரித்தார். “மாறுவினந்தானே! எழுதித் தந்திட்டுச் சொல் மாறினவை எத்தினை பேர். இந்த மனுசன் முன்கூட்டியே சொல்லுறார், நல்ல மனுசன்!”

நானும் சிரித்தேன். நல்ல பகிடி. தவம் அண்ணை சிரிக்கவில்லை. பேனையை மூடினார்.

நாங்கள் சந்தோசத்தில் சிரிக்கிறோம் என்று நிமால் நினைத்திருக்க வேண்டும். அவரும் சிரித்துக்கொண்டு ஒப்பமிட்டார். குசுமாவும் போட்டா. கடதாசியை எங்கள் பக்கம் தள்ளினா.

“யோசிச்சுப்போட்டுச் சொல்லுறம் எண்டு சொல்லு,” என்றார் தவம் அண்ணை.

சொன்னேன். குசுமா என்னைப் பார்த்து, என்ன பிழை என்று கேட்டா. ஒன்றுமில்லை என்றேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிசத்தில் தீர்ந்திருக்கும். மூத்தவர் முன்னால் என் பிழையைச் சொல்ல வெட்கம்.

12.50. திரும்பும் வழி. கீல் றோட்டைத் தாண்டியதும் சொன்னேன்.

“அண்ணை, அது மாறி மாறி. ஆளுக்கு ஆள் முறை வைக்கிறது.”

“உதை ஏன் அங்க சொல்லேல்லை?”

“திரும்புவமோ?” என்றேன்.

“இப்ப போனால் கெஞ்சப் போன மாதிரி. நாளைக்குப் பாப்பம்.”

ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள் ராஜனின் பகிடி ஸ்காபரோ முழுக்கப் போய்விட்டது. மரக்கறிக் கடையில் ஒருவர் தவம் அண்ணையை மறித்துக் கேட்டாராம்: “என்ன அண்ணை, மாறுவினம் எண்டு அவையே சொன்னவையாம், நீங்களும் ஒப்பம் வைக்கிறியளோ?”

திங்கள் அவர் வீட்டுக்குப் போனேன்.

“நீ சொன்னது விளங்குது. ஆனால் இனி நான் போட்டால் என்னை விசரன் எண்டுவினம். பக்கத்தில போடவும் ஒருத்தனும் வரான்,” என்றார்.

நிமாலுக்கு போன் பண்ணிப் பிழை என்னுடையது என்றேன். சரி, சரி என்றார்.

ஊரில் நிமாலின் ஒழுங்கையில் இருந்து எங்கள் ஒழுங்கைக்கு ஐந்து நிமிச நடை. அங்கே இருக்கும்போது ஒருநாளும் நான் அவர் வீட்டுக்குப் போனதில்லை. இங்கே போனேன். போய்ச் செய்தது இது.

கடதாசி தவம் அண்ணையின் மேசையில் கிடக்கிறது. நாலு வேண்டும்.

கையெழுத்து இரண்டு.