ராகு காலம் பார்த்த மோட்டார்

நிலாவுக்கு ராக்கெட் விடுகிறவர்கள் செந்தாமரை அக்காவிடம் வந்து ஒரு வாரம் வேலை கற்றுக்கொண்டு போகலாம். கண்டரமாணிக்கத்து அரிசி ஆலையில் உட்கார்ந்தபடி, ஒரு கையில் முறுக்கு, மறு கையில் போன் என்று மோட்டாரை ஓட்டுவார், நிறுத்துவார். சிக்னல் மட்டும் கிடைத்தால் சூரியனையும் நிறுத்துவார்.

விஷயம் இதுதான். நெல் அவிக்கிற பாய்லருக்குத் தண்ணீர் தரும் தொட்டி மொட்டைமாடியில் இருக்கிறது. பதினைந்து வருடமாக அக்கா தினம் ஆறு தடவை பின்பக்கத்து இரும்பு ஏணியில் ஏறி அதை எட்டிப் பார்த்தார். முழங்கால் போய்விட்டது. "ஒண்ணு பெட்டி வைங்க, இல்ல ஆளை மாத்துங்க" என்று முதலாளி ஏகப்பன் செட்டியாரிடம் அடம்பிடித்து, சிம் கார்டு போட்ட பெட்டி ஒன்றை வாங்கவைத்தார். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும், பெட்டி தானாக மோட்டாரைப் போடும். தண்ணீர் அளவு அக்கா போனிலும், சென்னையில் இருக்கும் முதலாளி போனிலும் கோடாக ஓடும். செட்டியார் சொன்னபடி ஏழு நாள் ராகு காலத்தையும் அக்கா அதில் ஏற்றிவிட்டார். அந்த நேரத்தில் மோட்டார் எடுக்காது.

போன செவ்வாய்க்கிழமை பெட்டிக்குக் கிறுக்குப் பிடித்தது. நிறைந்த தொட்டியைக் 'காலி' என்று மூன்று தடவை சென்னைக்குச் சேதி அனுப்பியது. மோட்டாரும் ஓடி, மாடியிலிருந்து குற்றாலம் கொட்டியது. எப்படி என்று யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் செட்டியார் காரில் வந்து இறங்கினார். பெட்டியைக் கழற்ற ஆளையும் கூட்டி வந்திருந்தார்.

"ஏம்மா, ஓடவிட்டுக் காட்டு, பாப்போம்."

"ராகு காலம் முதலாளி. பன்னெண்டுக்கு மேலதான் எடுக்கும். நீங்கதானே சொன்னீக?"

செட்டியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் ராகு காலத்தைத் தானே மீறுவாரா? எதிரே இருக்கும் எங்கள் கடையிலிருந்து நான் டீ கொண்டுபோனேன். அவர் மூன்று குடித்தார். கழற்ற வந்தவர் நாலு.

பன்னிரண்டு ஆனது. மோட்டார் எடுக்கவில்லை. தொட்டி நிறைந்திருப்பதாகப் போன் சொன்னது. காலையிலிருந்து பாய்லர் குடித்த தண்ணீர் பின்னே எங்கிருந்து வந்தது? மிதவை மேலேயே மாட்டிக்கொண்டது என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏணி இருக்கும் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிசம். எடுக்கலைன்னா கழட்டிடுப்பா" என்றார் செட்டியார்.

எனக்கு அந்நேரம் பார்த்து ஒன்றுக்கு வந்தது. பின்பக்கம் போனேன். திரும்பி வரும்போது மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"பாத்தீயளா, ராகு காலம் முடிஞ்சும் அஞ்சு நிமிசம் தள்ளியே எடுத்திருக்கு! கெட்டிக்காரப் பெட்டிப்பா. இருக்கட்டும்" என்று செட்டியார் காரில் ஏறினார்.

கார் மறைந்ததும் அக்கா போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இங்குட்டுப் பாருடா. பாய்லர் குடிச்சாக் கோடு சரிஞ்சு இறங்கும். பன்னெண்டு அஞ்சுக்கு யாரோ மிதவையை அமுக்குன மாதிரித் தொபுக்கடீர்னு விழுந்திருக்கு."

"காத்துக்கா."

"இது செவ்வாக்கெழமைக் கோடு. மூணு வாட்டியும் இதே தொபுக்கடீர்."

"அன்னைக்கும் காத்துதான்க்கா."

"என் வேலைக்கு உலை வச்ச காத்து, இன்னைக்கு அதைக் காப்பாத்த ஏணி ஏறுச்சாக்கும்? கையைக் காட்டுடா."

காட்டினேன். உள்ளங்கை முழுக்க ஏணித் துரு.